கீழாநெல்லியும் ஈரலின் உரையாசிரியர்களும்

கீழாநெல்லியைப் பற்றி எழுதப்போகிறோம் என்றவுடன் இது வீட்டு வைத்தியக் குறிப்பு என்று நண்பர்கள் கடந்துவிட வேண்டா. கல்லீரல் புற்றுநோயைப் பற்றியும், அந்நோயில் மரபணுக்களை ஆளும் புரதங்களுக்கு உள்ள பங்கைப் பற்றியுமே எழுத எண்ணினோம். தமிழ் பயிற்றுவிப்போருக்கு இதில் என்ன வேலை எனின், வேலை இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒருவரை அந்நோய் கொண்டு சென்றது. மற்றொருவரின் குருதியில் அதற்கான விதை இருப்பதாகச் சோதனைத் தாள் சொல்கிறது. அத்தாளைப் படித்துப் பொருள் சொல்லும் பணி, வீட்டில் நாலெழுத்துப் படித்தவர் என்ற முறையில், நம் தலையில் விழுந்தது. நூல் நூலாகத் தேடிப் போன வழியில் கீழாநெல்லி எதிர்ப்பட்டது.

இச்செடியை அறியாத தமிழர் குறைவு. நெல்லியிலை போன்ற சிற்றிலைகள். இலைவரிசையின் அடிப்புறத்தில் கடுகினும் சற்றுப் பெரிய காய்கள். காய் கீழே தொங்குவதால் கீழ்க்காய் நெல்லி, கீழாநெல்லி. மழை விட்டபின் வேலியோரத்திலும் வரப்பிலும் கேட்பாரின்றி முளைக்கும். காமாலை என்ற சொல் வீட்டில் எழுந்தால் அடுத்த சொல் இதுவே. வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பர். உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது என்று பத்தியம் வேறு. சில நாளில் கண் வெளுக்கும். பல வீடுகளில் அவ்வாறு வெளுத்ததை நாமே கண்டிருக்கிறோம்.

எதனால் வெளுத்தது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நம் பக்கத்துக் காமாலையில் பெரும்பகுதி, கெட்ட நீராலும் உணவாலும் பரவும் ஏ, ஈ என்னும் வைரசுகளால் வருவது. இவை பெரும்பாலோரைச் சில வாரங்களில் தாமே விட்டு நீங்குகின்றன. மருந்து உண்டாலும் நீங்கும், உண்ணாவிடினும் நீங்கும். (கருவுற்ற பெண்களுக்கு ஈ வைரசு மிகக் கொடிது, அது தனியே எழுத வேண்டிய செய்தி.) நீங்கிய புகழோ கீழாநெல்லியின் கணக்கில் ஏறும். பி வைரசின் வழக்கம் வேறு. வளர்ந்தவரைப் பற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே அதனை வென்றுவிடுகிறது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினாலோ நூற்றுக்கு 90 குழந்தைகளிடம் அது நிலைத்துவிடுகிறது. நிலைத்தபின் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாய் திறவாமல் இருக்கவும் கூடும். இடையில் ஒருமுறை கண் மஞ்சளித்துப் பிறகு தெளிவதும் உண்டு. தெளிந்த கண்ணைப் பார்த்து, நோய் போயிற்று என்று வீடு முடிவு கட்டும்.

எங்கள் பெரியப்பா பாகூர்ப் பக்கத்தில் பயிர் செய்தவர். 1980களின் தொடக்கத்தில் அவருக்குக் காமாலை கண்டு, கீழாநெல்லியில் தெளிந்தது. குருதி பார்க்கும் வழக்கம் அக்காலத்தில் எங்கள் வீட்டில் இல்லை. அதன்பின் ஊரில் எவருக்குக் கண் மஞ்சளித்தாலும் அவரே செடி பிடுங்கிக் கொடுப்பார். கைராசிக்காரர் என்று பெயர். அறுபத்து நான்காம் வயதில் வயிறு வீங்கி, வலப்புற விலாவுக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டு, மருத்துவமனைக்குப் போனபோது கல்லீரலில் புற்று முற்றியிருந்தது. குருதியில் பி வைரசு இருந்தது. நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் கேட்ட கேள்வி ஒன்றே: "குடிப்பாரோ?" புதுவை என்றாலே சாராயம் என்று வெளியூரார் நினைப்பது பழங்கதை, ஈரல் நோய் என்றால் உள்ளூராரும் அவ்வாறே நினைக்கின்றனர். மது ஈரலைக் கெடுப்பது மெய். அவ்வழியில் புற்று வருவதும் மெய். ஆனால் பெரியப்பா வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாதவர். பெரியம்மா வந்தவர் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். "அந்த மனுசன் வாசனைகூடப் பாத்ததில்லையே" என்ற அக்குரல் இன்னும் காதில் இருக்கிறது. குடியாதவர் ஈரலில் அது எப்படி வந்தது என்பதற்கு அவருக்கு நாம் ஒரு விடை சொல்லியாக வேண்டியிருந்தது.

விடை உயிரணுவுக்குள் இருக்கிறது. நம் உடலில் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் ஒரே மூலம்தான் உள்ளது. 300 கோடி எழுத்துகள், புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. தோலணுவும் ஈரலணுவும் வைத்திருப்பது அதே சுவடிக்கட்டு. பின் ஏன் ஒன்று தோலாகவும் மற்றொன்று ஈரலாகவும் இருக்கின்றன? இங்கே புதுவையார்க்கு ஓர் உவமை கைக்கெட்டும் தொலைவில் உண்டு. செயின்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், சைவச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன. புதுவையின் இச்சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடி கட்டவிழாமல் கிடந்தால் வெறும் ஓலை. எவரேனும் அவிழ்த்து, இந்த ஏட்டைப் படியெடு என்று சொன்னால்தான் அது வழக்குக்கு வரும். உயிரணுவுக்குள் நடப்பதையும் படியெடுத்தல் என்றே தமிழில் வழங்குகிறோம். நம் கலைச்சொற்களில் இத்துணைப் பொருத்தமாக வாய்த்தவை சிலவே. எப்பகுதியை, எப்போது, எவ்வளவு படியெடுப்பது என்று முடிவு செய்யும் புரதங்களே மரபணு ஆளும் புரதங்கள். மனித உடலில் இவை ஏறத்தாழ 1,600 வகை. மூலத்தில் தமக்குரிய எழுத்துக் கோவையைக் கண்டால் அங்கே சென்று அமரும். அமர்ந்து படியெடுப்பானை அழைக்கும், அல்லது விரட்டும். திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பர். குறள் ஒன்றே, மணக்குடவர் கொள்ளும் பொருளும் பரிமேலழகர் கொள்ளும் பொருளும் பல இடங்களில் வேறு. அதுபோல, பொது மூலத்திலிருந்து ஈரலுக்குரிய பொருளை எடுத்துத் தருவோர் ஈரலின் உரையாசிரியர்கள்.

அவர்களுள் தலையாயோர் சிலரின் பெயரையாவது சொல்லவேண்டும். செவிக்கு இனிமையாக இரா, பொறுத்தருள்க. எச்என்எஃப்4 ஆல்ஃபா, எச்என்எஃப்1 ஆல்ஃபா, சி/ஈபிபி ஆல்ஃபா, ஃபாக்ஸ்ஏ. குருதியில் மிதக்கும் ஆல்புமின், குருதியை உறையச் செய்யும் புரதங்கள், நஞ்சை முறிக்கும் நொதிகள் ஆகியவற்றின் மரபணுக்களை இவை கூட்டாகத் திறந்து வைக்கின்றன. ஒன்றின் மரபணுவை மற்றொன்று திறந்து வைப்பதும் உண்டு. கும்மியடிக்கும் பெண்களின் வட்டம்போல ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. வட்டம் குலைந்தால் ஈரலணு தன் தொழிலை மறக்கத் தொடங்குகிறது. சி/ஈபிபி ஆல்ஃபாவுக்கு மேலும் ஒரு பணி உண்டு. அணு தேவையின்றிப் பெருகாமல் தடுத்து நிறுத்துவது அது. இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டும்.

மறதிக்கு ஒரு சான்று மருத்துவமனைத் தாள்களிலேயே உள்ளது. கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல், ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் என்ற ஒன்றை ஏராளமாகச் செய்கிறது. பிறந்தபின் அந்த ஏடு மூடிக் கட்டப்படுகிறது. ஈரல் புற்றுடைய வளர்ந்த எலிகளின் குருதியில் அது மீண்டும் தோன்றுவதை, சோவியத் நாட்டின் கேரி ஆபெலெவ் குழுவினர் 1963இல் கண்டனர். இன்றும் ஈரல் புற்றை ஐயுறும்போது பார்க்கும் சோதனைகளுள் அது ஒன்று. பெரியப்பாவின் தாளில் ஏஎஃப்பி என்ற மூன்றெழுத்துக்கு எதிரே ஆயிரங்களில் ஓர் எண் இருந்தது. அறுபத்து நான்கு வயது ஈரல், கருவறையில் ஓதிய பாடத்தை மறுபடி ஓதத் தொடங்கியிருந்தது என்பதே அதன் பொருள்.

இனி வைரசு. அதன் மூலம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 3,200 எழுத்துகளே. நம் 300 கோடியோடு ஒப்பிட்டால் பெருங்காப்பியத்தின் முன் ஒரு தனிப்பாடலினும் சிறியது. அச்சிறிய இடத்தில் நான்கு மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒரே எழுத்து வரிசையை ஓரெழுத்துத் தள்ளிப் பிரித்தால் வேறொரு புரதம். அணியிலக்கணம் கற்றோர் பிரிமொழிச் சிலேடை என்று உடனே கண்டுகொள்வர். காளமேகம் பார்த்திருந்தால் சற்றே பொறாமை கொண்டிருப்பார்.

ஈரலணுவுக்குள் நுழைந்ததும் இம்மூலம் உட்கருவுக்குள் போய், முனைகள் இணைந்த ஒரு வளையமாகத் தங்கிவிடுகிறது. இத்துணைச் சிறிய மூலத்தில் தனக்கென ஒரு படையை வைத்துக்கொள்ள இடமேது? ஆகவே ஈரலின் ஆட்களையே அமர்த்திக்கொள்கிறது. அதில் முடுக்கிப் பகுதிகள் இரண்டு உள்ளன. படியெடுத்தலை விரைவுபடுத்தும் இப்பகுதிகளில் சி/ஈபிபிக்கும் எச்என்எஃப்களுக்கும் ஃபாக்ஸ்ஏவுக்கும் உரிய இருக்கைகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. தம் வீட்டு ஏடு என்று எண்ணி அவர்கள் அமர்கின்றனர். வைரசின் ஏடு படியெடுக்கப்படுகிறது. இது ஈரலில் மட்டும் செழிப்பதற்கு இவ்விருக்கைகளும் ஒரு காரணம். தனக்கென்று அது கொண்டுவரும் கையாள் ஒன்று, எக்ஸ் என்னும் புரதம். 154 அமினோ அமிலங்கள் கோத்த சிறு துணுக்கு. என்ன வேலை செய்கிறது என்று தெரியாத காலத்தில் இட்ட பெயர் அப்படியே நின்றுவிட்டது. அயலான டிஎன்ஏ வளையங்களை வாயடைக்கும் எஸ்எம்சி5/6 என்ற காவற்கூட்டம் ஒன்று ஈரலணுவில் உண்டு. எக்ஸ் புரதம் ஈரலணுவின் குப்பை அகற்றும் ஏற்பாட்டையே ஏவி அக்காவலை அழிக்கிறது என்பது 2016இல் தெளிவாயிற்று.

இவ்வளவு நடந்தும் உடனே புற்று வருவதில்லை. உடல் தன் காவற்படையை அனுப்பித் தொற்றிய அணுக்களைக் கொல்கிறது. இடத்தை நிரப்பப் புதிய அணுக்கள் பெருகுகின்றன. மறுபடி கொலை, மறுபடி பெருக்கம். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் ஈரல் தழும்பேறி இறுகுகிறது. ஒவ்வொரு பெருக்கத்தின்போதும் மூலம் முழுவதும் பெயர்த்தெழுதப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர் விட்ட பிழைகளோடு மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர்களை நாமறிவோம். மிகுதியாகப் பெயர்த்தெழுதினால் மிகுதியாகப் பிழை. ஈரல் புற்றுகளில் பெரிதும் காணப்படும் ஒரு பிழையை 2013இல் சுட்டிக்காட்டினர். டெர்ட் என்ற மரபணுவின் முகப்பில் ஓரெழுத்து மாறுகிறது. மாறிய எழுத்தால் அவ்விடத்தில் இல்லாத ஓர் இருக்கை புதிதாய் உண்டாகிறது. ஈடிஎஸ் குடும்பத்துப் புரதம் ஒன்று வந்து அமர்கிறது. மூடிக் கிடக்கவேண்டிய மரபணு திறந்துகொள்கிறது. அணுவுக்கு முதுமை வாராமல் காக்கும் நொதியைச் செய்வது அம்மரபணு. சாகாவரம் பெற்ற அணு வேறு யாது செய்யும்? பி வைரசின் மூலத் துண்டுகளும் நம் மூலத்துக்குள் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கின்றன. அவை அடிக்கடி ஒட்டும் இடங்களுள் டெர்ட்டின் அருகும் ஒன்று. தழும்பேறும்வரை காத்திராமலே பி வைரசு புற்றை விளைவிக்கக் கூடும் என்பதற்கு இவ்வொட்டு வேலையும் ஒரு காரணம்.

மல்லாட்டையையும் இங்கே சொல்லிவிடுவோம். (நிலக்கடலைக்குப் புதுவை, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தில் இதுவே பெயர், மணிலாக் கொட்டை என்பது திரிந்து வந்தது.) 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுவைத் துறையிலிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போன சரக்கு அது. ஈரத்தோடு கட்டி வைத்தால் அதில் பிடிக்கும் பூஞ்சை ஒன்று அஃப்லடாக்சின் என்னும் நஞ்சைச் செய்கிறது. சோளத்திலும் பிடிக்கும், 1974இல் இராசத்தானிலும் குசராத்திலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் உண்டு 397 பேர் நோயுற்றதாகவும் 106 பேர் மாண்டதாகவும் மருத்துவ இதழில் பதிவாகியது. அவ்வாறு ஒரேயடியாகக் கொல்லாமல், சிறுகச் சிறுக உண்ணும்போது அந்நஞ்சு குறிவைப்பது பி53 என்ற புரதத்தை. அதுவும் மரபணு ஆளும் புரதமே. மூலத்தில் சேதம் நேர்ந்தால் பெருக்கத்தை நிறுத்து, இயலாவிடில் அணுவைச் சாகவிடு என்று ஆணையிடுவது. சீனத்தின் சீடோங் பகுதியிலும் தென்னாப்பிரிக்கப் பகுதிகளிலும் கண்ட ஈரல் புற்றுகளில் பி53இன் 249ஆம் இடத்தில் மட்டும் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவதை 1991இல் இரு குழுவினர் அறிவித்தனர். குற்றவாளி விட்டுச்சென்ற கைரேகைபோல் அது. பி வைரசும் இந்நஞ்சும் ஓருடலில் கூடினால் கேடு பன்மடங்காகிறது. பெரியப்பா தம் களத்து மல்லாட்டையைத் தின்றே வளர்ந்தவர். கசக்கும் கொட்டையைத் துப்பிவிடு என்று பாட்டிமார் சொன்னது வெறும் சுவைக்காக மட்டும் என்று நமக்கு இப்போது தோன்றவில்லை.

இப்போது கீழாநெல்லிக்குத் திரும்பலாம். பி வைரசை உலகுக்குக் காட்டியவர் பாருக் ப்ளும்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியில் அவர் கண்ட பொருளே வைரசின் மேலுறைப் புரதம். அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய பிலடெல்பியாக் குழுவினர் 1987இல் கீழாநெல்லிச் சாற்றை ஆராய்ந்து, அது வைரசின் டிஎன்ஏ செய்யும் நொதியைத் தடுப்பதாக எழுதினர். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராசன் குழுவினர், ப்ளும்பெர்க்கும் உடனிருக்க, மனிதரிடம் நடத்திய ஆய்வை லான்செட் இதழ் வெளியிட்டது. (தியாகராசன் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.) நோய்க்குறியின்றி வைரசைச் சுமந்தவர்களுக்கு உலர்ந்த செடித்தூள் 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். உண்டவர் 37 பேரில் 22 பேரின் குருதியில் மேலுறைப் புரதம் மறைந்தது. வெறுந்தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. நூற்றுக்கு 59 எங்கே, 4 எங்கே! தமிழ் நாளிதழ்கள் கொண்டாடின. அக்கொண்டாட்டத்தின் எதிரொலி இன்னும் ஓயவில்லை.

எதிரொலியில் சேராத செய்தி ஒன்று உண்டு. தாய்லாந்தில் 1990இல் செய்து பார்த்தனர், மறையவில்லை. பிற நாடுகளிலும் சென்னைப் பயன் கிட்டவில்லை. இந்நூல்களில் நெடுங்காலம் பில்லாந்தஸ் நிரூரி என்று வழங்கிய செடி உண்மையில் பில்லாந்தஸ் அமாரஸ் என்பதும், ஒத்த தோற்றமுடைய உடன்பிறப்புகள் பல இருப்பதும் குழப்பத்தைக் கூட்டின. மண்ணும் பறிக்கும் பருவமும் வேறானால் செடியின் குணமும் வேறாகும் என்றும் சொல்லப்பட்டது. அனைத்தையும் சீர்தூக்கி 2011இல் வந்த தொகுப்பாய்வு, பயனுண்டு என நம்பத்தக்க சான்றில்லை என்று முடித்தது. சென்னை ஆய்வை ஏமாற்று என்று இகழ்வோர் உளர்; அவர்களோடு நாம் உடன்படவில்லை. முறையாகக் கேட்ட கேள்வி அது. ஒருமுறை கிடைத்த விடை மறுமுறை கிடைக்கவில்லை என்பதும் அறிவியலில் ஒரு விடையே.

நம்மை உட்கார வைத்துச் சிந்திக்கச் செய்தது 1997இல் வந்த கட்டுரை. தியாகராசனும் நியூயார்க்கின் சஞ்சீவ் குப்தா குழுவினரும் சேர்ந்து, ஆய்வுக்கலத்தில் வளர்த்த ஈரலணுக்களில் கீழாநெல்லி என்ன செய்கிறது என்று பார்த்தனர். வைரசின் முதல் முடுக்கிப் பகுதியில் சி/ஈபிபி அமர்வதை அது தடுத்தது, படியெடுப்புக் குறைந்தது, மேலுறைப் புரதம் குறைந்தது. அதாவது, நம் வேலியோரச் செடியில் உள்ள ஏதோ ஒரு பொருள், வைரசு கூலிக்கு அமர்த்திய உரையாசிரியரை அவ்விருக்கையிலிருந்து எழுப்பிவிட்டது. வளையம் மட்டும் உட்கருவில் அப்படியே கிடந்தது. ஏட்டை வாசியாமல் செய்தனர், ஏடு எரியவில்லை. கலத்தில் நடந்தது உடலிலும் அவ்வளவில் நடக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுப்பி விரட்டப்பட்ட சி/ஈபிபி யார்? அதன் ஆல்ஃபா வடிவம் ஈரலைப் பெருகாமல் காக்கும் காவலர் என்று முன்னர்க் கூறினோம். பல ஈரல் புற்றுகளில் அதன் அளவு குறைந்தே காணப்படுகிறது. அதனைக் கூட்டினால் புற்று அடங்குமோ என்று கருதி, அம்மரபணுவைத் தூண்டும் ஆர்என்ஏ மருந்தொன்றை ஈரல் புற்றாளர்களிடம் 2016 முதல் சோதித்துப் பார்த்தனர். வைரசின் ஏட்டில் அமர்ந்தால் கேடு, நம் ஏட்டில் அமர்ந்தால் காப்பு, ஆள் ஒருவரே. ஃபாக்ஸ்ஏயின் கதையும் இத்தகையதே. ஈரல் புற்று பெண்களினும் ஆண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. ஏனென்று எலிகளில் ஆராய்ந்தவர்கள் 2012இல் கண்டது: ஃபாக்ஸ்ஏ, பெண்ணியக்குநீரின் ஏற்பியோடு கூடும்போது புற்றைத் தடுக்கிறது, ஆணியக்குநீரின் ஏற்பியோடு கூடும்போது வளர்க்கிறது. ஃபாக்ஸ்ஏ1, ஃபாக்ஸ்ஏ2 இரண்டையும் நீக்கிய எலிகளில் நிலைமை தலைகீழாயிற்று; பெண்ணெலிகளுக்குப் புற்று மிகுந்தது, ஆணெலிகள் தப்பின. நல்ல புரதம், கெட்ட புரதம் என்று நாளிதழ்கள் எழுதுவதைப் படிக்கும்போது, இடமும் சார்பும் பாராமல் சொல்லுக்குப் பொருள் கூறும் மாணவரின் விடைத்தாள் நினைவுக்கு வருகிறது.

அதே 1997இல் வேறு இரண்டு செய்திகளும் வந்தன. அவற்றைக் கொண்டாடியவர் நம்மில் குறைவு. தைவானில் 1984 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பி வைரசுத் தடுப்பூசி போடத் தொடங்கியிருந்தனர். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளில் ஈரல் புற்று இலட்சத்துக்கு 0.70ஆக இருந்தது 0.36ஆகப் பாதியாய்க் குறைந்தது என்று அவ்வாண்டு வெளியிட்டனர். தடுப்பூசியொன்று மனிதப் புற்றைத் தடுத்ததற்கு அதுவே முதற்சான்று. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவில் செய்த முதல் மரபணு மாற்றுத் தடுப்பூசியாக இதே ஊசியைக் கொணர, விலை வெகுவாக இறங்கியது. அரசுத் திட்டத்தில் 2002இல் சில பகுதிகளில் தொடங்கி 2011இல் நாடு முழுவதும் சேர்க்கப்பட்டது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. வைரசு வளையமாகச் சுருண்டு உட்காரும் முன் கதவடைக்க வேண்டும் என்பதே அவசரத்தின் காரணம்.

பெரியப்பாவின் கருமாதி முடிந்தபின் வீட்டில் எல்லாருக்கும் குருதி பார்த்தோம். எங்கள் அப்பாவுக்கும் அத்தைகளுக்கும் இல்லை. பெரியப்பாவின் இளைய மகனுக்கு இருந்தது. அவருக்கு முப்பத்தெட்டு வயது. வயலில் ஆளோடு ஆளாக மூட்டை தூக்குபவர். ஒரு குறையும் இல்லை. "ஒண்ணுமே இல்லியேண்ணா, எதுக்கு மாத்திரை?" என்று கேட்டார். பெரியம்மா மறுநாளே அவருக்கென்று ஒரு தட்டும் தம்ளரும் தனியே எடுத்து வைத்துவிட்டார். கணவருக்கு வந்தது மகனிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்ற அச்சம். குருதி வழியும், உடலுறவு வழியும், தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவதேயன்றி, ஒரு தட்டில் உண்பதால் பரவாது என்பதை ஒரு மாலை முழுவதும் சொன்னோம். கேட்டுக்கொண்டார், தட்டை எடுக்கவில்லை. தம்பியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சோதித்து, இல்லையென்று கண்டு, விடுபட்டவர்க்குத் தடுப்பூசி போட்ட பிறகே அத்தட்டு பழைய அடுக்கில் போய்ச் சேர்ந்தது.

தம்பி நாள்தோறும் டெனோஃபோவிர் மாத்திரை ஒன்று உண்கிறார். அது வைரசின் பெருக்கத்தை நிறுத்துகிறது; வளையத்தைத் தொடுவதில்லை. புற்று வரும் வாய்ப்பைக் குறைக்கும், அறவே நீக்காது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுக்கு ஒலிச்சோதனை. மாத்திரையை நடுவில் நிறுத்தினால் வைரசு சீறி எழக்கூடும் என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருக்கிறார். கூடவே கீழாநெல்லியும் கொடுக்கலாமா என்று பெரியம்மா கேட்டார். எதைக் கொடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், எதற்காகவும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றோம். பெரியப்பா ஏன் செத்தார் என்று அடுத்துக் கேட்டார். சிறு வயதிலேயே உள்ளே வந்து குடியேறிய ஒரு கிருமி, ஈரலின் ஆட்களையே ஏவல் கொண்டு அதைக் கெடுத்தது; அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை என்றோம். சற்றுநேரம் பேசாதிருந்து, "இத அன்னைக்கு வந்தவங்ககிட்ட ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

அடுத்த ஒலிச்சோதனை தை மாதத்தில் வருகிறது. தம்பியோடு நாமும் போகிறோம்.